"எஸ்" சொன்னால் "நோ" என்று புரிகிறதே, ஏன்? ஆங்கிலத்தில் நாம் தடுமாறும் இடங்கள்

திருப்பூர் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களோடு மெயிலும் போனும்தான் வேலை.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் நன்றாகப் படித்தவள், ஆங்கிலமும் சரளம். போன வாரம் இங்கிலாந்து பையர் போனில் அவளிடம், "சோ தி சாம்பிள்ஸ் ஹாவன்ட் பீன் டிஸ்பாட்ச்டு யெட்?" என்று கேட்டார். அவள் "எஸ்" என்றாள். "ஆமாம், இன்னும் அனுப்பவில்லை" என்பதுதான் அவள் மனதில். அவரோ அடுத்த நொடியே கூரியர் டிராக்கிங் நம்பர் கேட்கிறார். சாம்பிள் தையல் மேசையை விட்டே இறங்கவில்லை! விளக்கம் சொல்லி மெயில் போட்டு ஒருவழியாகச் சரி செய்தோம்.

அவள் பேசியதில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். இந்த மாதிரி இடங்களை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இன்னும் சில கேள்விகளும் இருக்கின்றன. "ஐ ஆம் ஹேவிங்" ஏன் தப்பு? "சின்ஸ் டென் இயர்ஸ்" ஏன் தப்பு? மெயிலில் "டு தி நீட்ஃபுல்" போடலாமா? தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பதைப் பள்ளியிலேயே நிறையக் கேட்டாயிற்று.

பழைய வாத்தியார்:

செல்வி, நல்ல கேள்வி. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெண் தடுமாறியதற்குக் காரணம் தமிழ்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தமிழில் "ஆமாம்" என்றால், கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம் என்று பொருள். "சாப்பிடலையா?" "ஆமா, சாப்பிடல." அதாவது "நீங்கள் நினைத்தது சரி". ஆங்கில "எஸ்", "நோ" இரண்டும் கேட்டவர் என்ன நினைத்தார் என்று பார்ப்பதே இல்லை. நடந்ததை மட்டும் பார்க்கும். நடந்திருந்தால் எஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. ஆகவே சாம்பிள் போகவில்லை என்றால் "நோ, தே ஹாவன்ட்" என்பதே பதில்.

ஜப்பானியர்களும் கொரியர்களும் நம்மைப் போலத்தான், அவர்களும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் சறுக்குவார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எதிர்மறைக் கேள்வியை மறுத்து "இல்லையில்லை, நடந்துவிட்டது" என்று சொல்லத் தனிச் சொல்லே இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இந்த வசதி இருந்தது. சாதாரணக் கேள்விக்கு "யே", "நே". எதிர்மறைக் கேள்விக்கு "எஸ்", "நோ". ஆக நான்கு சொற்கள். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த வேறுபாடு தேய்ந்து இரண்டாகிவிட்டது. இப்போது அவர்களுக்குள்ளேயே சில சமயம் குழப்பம் வருகிறது.

அதனால் அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எதிர்மறையில் கேள்வி வந்தால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லட்டும். "நாட் யெட், வி வில் சென்ட் தெம் ஆன் ஃப்ரைடே" என்றால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

அருண் மதுரை:

ஐயா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், ஒரு சந்தேகம். "சாப்பிடலையா?" என்று கேட்டால் நாம் "இல்ல, இனிமேதான்" என்றும் சொல்கிறோமே? அப்போது தமிழும் ஆங்கிலம் மாதிரிதானே?

பழைய வாத்தியார்:

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. தமிழில் "ஆமா"வும் வரும், "இல்ல"யும் வரும். பின்னால் வரும் "சாப்பிடல", "இனிமேதான்", "சாப்பிட்டேனே" என்பதுதான் பொருளை முடிவு செய்கிறது. நாம் முதல் சொல்லை நம்பிப் பேசுவதில்லை, பின்பாதியை நம்பிப் பேசுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது பின்பாதியை விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

கார்குழலி:

நான் எடிட்டிங் வேலையில் இருப்பவள், அதனால் "ஹேவிங்" விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் வான்டிங்" இவையெல்லாம் ஏன் தப்பு என்று கேட்டால் "ஸ்டேட்டிவ் வெர்ப்" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். பட்டியலே வேண்டாம். தமிழிலேயே இந்த வகை வினைகள் இருக்கின்றன. தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும். "எனக்கு இட்லி பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? "எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வோமா? மாட்டோம். அவை செயல்கள் அல்ல, நிலைகள். செயல்தான் "நடந்துகொண்டு" இருக்க முடியும். அதே உணர்வோடு ஆங்கிலத்தில் "நோ" (தெரியும்), "லைக்", "வான்ட்", "அண்டர்ஸ்டாண்ட்" இவற்றைப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

"ஹாவ்" மட்டும் ஏன் நம்மைக் கவிழ்க்கிறது? "கார் வெச்சிருக்கேன்", "ரெண்டு அண்ணன் இருக்காங்க" என்று சொல்லும்போது அதில் "இரு" வருகிறது. "கிறேன் வந்தால் ஐஎன்ஜி போடு" என்று சிறு வயதில் யாரோ சொல்லிக் கொடுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. உடைமை, உறவு, நோய் என்றால் "ஹாவ்". ஐ ஹாவ் எ கார், ஐ ஹாவ் டூ பிரதர்ஸ், ஐ ஹாவ் எ ஃபீவர். சாப்பிடுவது, பேசுவது, அனுபவிப்பது என்று "ஹாவ்" ஒரு செயலைக் குறித்தால் "ஹேவிங்" தாராளமாக வரலாம். ஐ ஆம் ஹேவிங் லஞ்ச், வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்.

அருண் மதுரை:

அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் "ஐம் லவின் இட்" என்று வருகிறதே அக்கா? அது தப்பா?

கார்குழலி:

தப்பில்லை. 2003-இல் வந்த வாசகம் அது. "இந்த நிமிஷம் ரசித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற தற்காலிக உணர்வைக் கொண்டுவர வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். புது வேலையில் சேர்ந்தவர் "ஐம் லவிங் இட்" என்று சொல்வது இன்று சாதாரணம். ஆனால் "ஐ ஆம் லவிங் மை மதர்" என்று எழுதினால் இந்த வாரம் மட்டும் பாசமா என்று தோன்றும். உங்களுக்குப் போட்டித் தேர்வு இருப்பதால் அங்கே பழைய விதியையே பின்பற்றுங்கள். வினாத்தாள் தயாரிப்பவரோடு வாதாட முடியாது.

பழைய வாத்தியார்:

"சின்ஸ்", "ஃபார்" இரண்டுக்கும் தமிழிலேயே சாவி இருக்கிறது. "2015-இலிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து", "சின்ன வயசிலிருந்து". இங்கே "இருந்து" வருகிறது அல்லவா, அது சின்ஸ். "பத்து வருஷமாக", "மூன்று நாளாக", "ரொம்ப நேரமாக". இங்கே "ஆக" வருகிறது, அது ஃபார். ஆகவே "ஃபார் டென் இயர்ஸ்", "சின்ஸ் 2015". தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழை மறந்துவிடுவதால்தான் குழப்பமே.

ஆனால் அடுத்த படியில் தமிழ் கை கொடுக்காது. "பத்து வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அப்படியே கொண்டுபோனால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று வரும், அது தவறு. பழையதில் தொடங்கி இன்றுவரை நீள்வதை ஆங்கிலம் "ஹாவ் பீன் வொர்க்கிங்" என்றுதான் சொல்லும். இங்கே மட்டும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். "நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், காதே வேண்டாம் என்கிறது. "நேற்று பார்த்தேன்" என்பதுதான் இயல்பு. "அவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றால் பொருந்துகிறது. நேற்று, போன மாதம், 1998 என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் "ஹாவ்" வேண்டாம், "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" போதும்.

மணிமாறன் சிங்கை:

நல்ல இழை. நீட்ஃபுல் கேள்விக்கு வருகிறேன். "டு தி நீட்ஃபுல்" தப்பு ஆங்கிலம் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். அது பிரிட்டனிலிருந்து வந்த சொற்றொடர்தான். அவர்கள் கைவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். "ப்ரிபோன்" என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது. "போஸ்ட்போன்" இருக்கும்போது "ப்ரிபோன்" ஏன் கூடாது? "ரிவர்ட்" என்றால் பதில் சொல்வது என்ற பொருள் இந்தியாவில் மட்டுமல்ல, இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அலுவலகத்தில் தினமும் புழங்குகிறது. கோடிக்கணக்கானவர்கள் இத்தனை காலமாகப் பேசும் ஆங்கிலத்தை ஏன் பிழை என்று சொல்ல வேண்டும்?

கார்குழலி:

மணிமாறன், பிழை என்று நானும் சொல்ல மாட்டேன். இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மரியாதை உண்டு. ஆனால் செல்வியின் மெயிலைப் படிக்கப் போவது மான்செஸ்டரில் இருப்பவர். "ஐ வில் ரிவர்ட்" என்று எழுதினால் "பழைய நிலைக்குத் திரும்புவேன்" என்பது போல அவருக்குப் படலாம். வெளியூர் போயிருக்கிறார் என்பதை "மை மேனேஜர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று எழுதினால் எந்த ஸ்டேஷன் என்று யோசிப்பார். "ஹி பாஸ்டு அவுட் இன் 2012" என்றால் மயங்கி விழுந்தார் என்று நினைப்பார். அதைவிட முக்கியம், "டு தி நீட்ஃபுல்" என்பதில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை. "திங்கட்கிழமைக்குள் கலர் சாம்பிளை அப்ரூவ் செய்யுங்கள்" என்று எழுதினால்தான் வேலை நடக்கும். பையரிடம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைப் பெயர் சொல்லிக் கேட்பதே மரியாதை.

மணிமாறன் சிங்கை:

அதை ஏற்றுக்கொள்கிறேன். படிக்கிறவருக்குப் புரிய வேண்டும் என்ற காரணம் எனக்குப் போதும். "உங்கள் ஆங்கிலம் மட்டம்" என்ற காரணத்தைத்தான் ஏற்க மாட்டேன்.

அதே கணக்கில் இன்னொரு சொல், "டவுட்". ஆஸ்திரேலியக் குழுவோடு நடந்த மீட்டிங்கில் நம் ஊர்ப் பையன் ஒருவன் "ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் டிசைன்" என்றான். எதிரில் இருந்தவர் முகம் மாறிவிட்டது. இவன் கேட்க வந்தது சாதாரண விளக்கம். அவர் காதில் விழுந்தது, "உங்கள் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை". வகுப்பில் "டவுட் கிளியர் பண்றது" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு இது தோன்றவே தோன்றாது. "ஐ ஹாவ் எ கொஸ்டின்" என்று சொன்னால் பிரச்சினையே இல்லை.

யாழ் நிலா:

எனக்கு வேறொரு கேள்வி. "வில்", "வுட்" இரண்டையும் என் மாணவர்கள் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். "ஐ வுட் சென்ட் இட் டுமாரோ" என்று எழுதினால் அதிகப் பணிவு என்று நினைக்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்தலாம்?

பழைய வாத்தியார்:

இதற்கும் தமிழையே கூப்பிடுவோம், நிலா. "நாளைக்கு அனுப்புவேன்" என்பதிலும் "சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவோம்" என்பதிலும் வினை ஒரே வடிவம். பெயர் எதிர்காலம்தான், ஆனால் இரண்டாவது வாக்கியம் பேசுவது பழைய வழக்கத்தைப் பற்றி. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. நாளைய வாக்குறுதிக்கு "வில்", பழைய வழக்கத்துக்கு "வுட்". "வி வுட் கோ டு தி ரிவர் எவ்ரி டே."

"வுட்" வரும் இன்னொரு இடம் நிபந்தனை. "பணம் இருந்தால் வாங்குவேன்", அதாவது இப்போது இல்லை. ஆகவே "ஐ வுட் சென்ட் இட் டுமாரோ" என்று எழுதினால் படிப்பவர் "ஆனால்..." என்ற மறுபாதிக்காகக் காத்திருப்பார். அனுப்புவேன், ஆனால் ஏதோ தடை இருக்கிறது என்பது போல. பணிவு கேட்பதில் இருக்கட்டும், "வுட் யூ ப்ளீஸ்", "ஐ வுட் லைக்" என்று. வாக்குக் கொடுக்கும்போது "வில்" என்றே சொல்லச் சொல்லுங்கள்.

அருண் மதுரை:

"எ", "அன்" பற்றியும் யாராவது சொல்லுங்கள். "யூனிவர்சிட்டி" முன்னால் "எ", "எம்எல்ஏ" முன்னால் "அன்" என்கிறார்கள். வவல் இருந்தால் "அன்" என்றுதானே படித்தோம்?

கார்குழலி:

எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது மிக எளிது. அந்தச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் "அன்". உயிர்மெய்யாக இருந்தால் "எ". யூனிவர்சிட்டி "யூ"வில் தொடங்குகிறது, எனவே எ யூனிவர்சிட்டி. எம்எல்ஏ, எஃப்ஐஆர், எஸ்எம்எஸ் மூன்றும் "எ"யில் தொடங்குகின்றன, எனவே அன். ஹவர் என்று எழுதினாலும் ஒலி "அவர்"தான், எனவே அன் அவர். "ஒன்" என்ற எண்ணின் ஒலி "வன்", எனவே எ ஒன்-வே ரோடு. நம் எழுத்து முறை இந்த இடத்தில் நமக்குப் பெரிய வரம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நாம் பேசும்போது "எம்எல்ஏ"வை "யெம்மெல்லே" என்று சொல்லும் பழக்கம் உண்டு. அதை நம்பினால் விடை தப்பாகிவிடும்.

திருப்பூர் செல்வி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. எங்கள் ஆபீஸ் மெயில்களில் தினமும் பார்க்கும் இன்னொன்று, "இன்ஃபர்மேஷன்ஸ்", "எக்விப்மென்ட்ஸ்", "ஃபர்னிச்சர்ஸ்", "அட்வைஸஸ்". திருத்தினால் "ஒன்றுக்கு மேல் இருக்கிறதே மேடம், ஏன் எஸ் கூடாது?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பழைய வாத்தியார்:

நியாயமான கேள்விதான் கேட்கிறார்கள். தமிழில் தகவல்கள், கருவிகள், அறிவுரைகள் எல்லாம் எண்ணக்கூடியவை. ஆங்கிலம் இவற்றைத் தண்ணீரையும் மணலையும் போல மொத்தமாகப் பார்க்கிறது. இதில் தர்க்கம் தேடினால் கிடைக்காது. பிரெஞ்சில் இதே "இன்ஃபர்மேஷன்" பன்மையில் தாராளமாக வருகிறது. ஒரு மொழி எதை எண்ணுகிறது, எதை அளக்கிறது என்பது அந்த மொழியின் பழக்கம். எண்ணியே ஆக வேண்டும் என்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "டூ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட்". இதை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

அருண் மதுரை:

இதோடு சேர்ந்ததுதானே "லெஸ்", "ஃபியூவர்"? எண்ணக்கூடியது என்றால் ஃபியூவர், அளப்பது என்றால் லெஸ். அப்புறம், வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக்கூடாது என்பதும் கோச்சிங் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

கார்குழலி:

தேர்வுக்கு அப்படியே எழுதுங்கள். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

லெஸ், ஃபியூவர் வேறுபாட்டை முதலில் எழுதி வைத்தவர் ராபர்ட் பேக்கர் என்பவர், 1770-இல். "ஃபியூவர் இருந்தால் எனக்கு நன்றாகப் படும்" என்ற அளவில் தன் விருப்பமாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே ஆங்கிலேயர்கள் எண்ணக்கூடியவற்றுக்கும் "லெஸ்" சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் கொஞ்சப் பொருள் வாங்குபவர்களுக்கான வரிசையில் இருந்த "டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்ற பலகை மேல் புகார் வந்துகொண்டே இருக்க, 2008-இல் "அப் டு டென் ஐட்டம்ஸ்" என்று மாற்றினார்கள். சண்டையைத் தவிர்க்க அருமையான வழி. இன்னொன்று, பணம், தூரம், நேரம் எல்லாம் எண்ணாக இருந்தாலும் மொத்த அளவுதான். "லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்" என்பதே இயல்பு.

ப்ரிபொசிஷன் கதையும் இப்படித்தான். கவிஞர் டிரைடன் 1672-இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரியில் இதைக் குறையாகச் சொன்னார். லத்தீன் படித்து வளர்ந்த காதுக்கு அது உறுத்தியிருக்கும். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், அவர்கூட இதைத் தடை செய்யவில்லை. உயர்ந்த நடைக்கு வேறு அமைப்பு அழகு என்றார், பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் இது பொருந்தும் என்றும் சேர்த்தே சொன்னார். கோச்சிங் வகுப்புக்கு வந்து சேர்ந்தது பாதிதான். "ஹூ ஆர் யூ டாக்கிங் டு?" என்பதைத் திருத்தி "டு ஹூம் ஆர் யூ டாக்கிங்?" என்று ஒருவர் நிஜ வாழ்க்கையில் பேசினால் எதிரில் இருப்பவர் விலகித்தான் நிற்பார். பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் பேச வாயெடுக்கும்போது இந்த மாதிரி விதியைச் சொல்லி அடக்குவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

யாழ் நிலா:

நானும் அந்தக் கோபத்தில் பங்கு கேட்கிறேன். விதி தெரியாததால் அல்ல, விதி மேல் உள்ள பயத்தால்தான் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

மணிமாறன் சிங்கை:

கடைசியாக ஒன்று. "எத்தனையாவது" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? "நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?" இதை இங்கே ஆங்கில நண்பர் ஒருவரிடம் கேட்க முயன்றேன், முடியவில்லை.

பழைய வாத்தியார்:

அதற்கு ஆங்கிலத்தில் வழக்கில் உள்ள ஒற்றைச் சொல் கிடையாது. "ஹவ் மெனித்" என்று சிலர் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், நிலைக்கவில்லை. தேவைக்கேற்ப சுற்றித்தான் கேட்க வேண்டும். பிள்ளை விஷயத்தில் "ஆர் யூ தி எல்டஸ்ட்?" என்று கேட்டால் "நோ, தி தேர்ட்" என்று பதில் வந்துவிடும். "இது எத்தனையாவது தடவை?" என்பதற்கு "ஹவ் மெனி டைம்ஸ் ஹாஸ் திஸ் ஹாப்பண்டு?" "ராஜாஜி எத்தனையாவது கவர்னர் ஜெனரல்?" என்பதற்கு "ஹவ் மெனி கவர்னர் ஜெனரல்ஸ் வேர் தேர் பிஃபோர் ராஜாஜி?" என்று கேட்டு, வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

செல்வி, அந்தப் பெண்ணையும் இந்த இழைக்கு வரச் சொல்லுங்கள். பையர்களோடு பேசுவதில் வரும் கேள்விகளை அப்படியே இங்கே போடட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.